மாப்பிள்ளையிடம் வாய் திறந்த நாள்

எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் இல்லை. மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான். அவர் முன்வாசலில் நுழைந்தால் நாங்கள் பின்வாசல் பக்கம் போய்விடுவோம். இலை போடுவது மகள், குழம்பு ஊற்றுவது மகள், போதுமா என்று கேட்பதும் மகள். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் இது ஒரு சிரமமாகவே தெரிந்ததில்லை. வீட்டுக்கு இரண்டு வாசல் இருந்தது.

பஹ்ரைனில், ஈசா டவுனில், என் மகள் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஒரே வாசல். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி, ஒரு குளியலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. அவ்வளவுதான் வீடு. மகளுக்குத் தலைப்பிரசவம் பார்க்க விசிட் விசாவில் போயிருந்தேன். ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது.

அந்த வீட்டில் நானும் மாப்பிள்ளையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்க ஒரு முறை தானாகவே உண்டாயிற்று. யாரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவர் படியேறி வந்ததும் கதவுக்கு வெளியே நின்று ஒரு தடவை செருமுவார். நான் அடுப்படிக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொள்வேன். நான் வெளியே வர வேண்டுமென்றால் திரைக்குப் பின்னால் நின்று செருமுவேன். அவர் ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

என் மகளுக்கு ஒரே சிரிப்பு. "ரெண்டு பேருக்கும் இருமல் மருந்து வாங்கி வைக்கேன். ஆளுக்கொரு மூடி குடிங்க" என்பாள்.

பேத்தி பிறந்த பிறகு கொஞ்சம் வசதியாகிவிட்டது. அவளை நடுவில் வைத்துப் பேச்சு நடந்தது. "பாப்பா, ஆச்சிக்கு முட்டிவலித் தைலம் இருக்கான்னு கேளு" என்பார் மாப்பிள்ளை, ஹாலில் இருந்தபடி. பிள்ளைக்கு அப்போது கண்ணே சரியாக நிலைக்கவில்லை. "இருக்குன்னு சொல்லு கண்ணு" என்பேன் நான், அடுப்படியில் இருந்தபடி. பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

தொட்டில் கட்ட அந்த வீட்டில் உத்தரம் இல்லை. மாப்பிள்ளைதான் மேலே கான்கிரீட்டில் துளை போட்டு ஒரு கொக்கி மாட்டிக் கொடுத்தார். விமானம் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. அந்தக் கொக்கியைப் பிடித்து அவரே தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் சேலையைக் கட்டச் சொன்னாராம். மகள் சொன்னாள். நான் அடுப்படியில் இருந்தேன், பார்க்கவில்லை.

அவர் வேலை செய்த விமானம் ஆள் ஏற்றுகிற விமானம் இல்லை, சரக்கு விமானம். ஈராக்கில் இருக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கு வரும் தபால் மூட்டை, பார்சல் எல்லாவற்றையும் பஹ்ரைனில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பும். அந்த ஊரில் பழுது ஏதாவது வந்தால் பார்க்க ஆள் கிடையாது என்று இவரையும் கூடவே கூட்டிப் போவார்கள். விடியுமுன் போனால் மதியத்துக்குள் வந்துவிடுவார்.

"சண்டை நடக்கிற எடமாச்சே" என்று மகளிடம் ஒருநாள் கேட்டேன்.

"இவுக எறங்கவா போறாக? பின்னால கதவத் தெறப்பாக, மூட்டைய எறக்குவாக, ஏறி வந்துருவாக. நம்ம ஊரு மினி பஸ் மாதிரிம்மா" என்றாள். மாப்பிள்ளை சொன்னதைத்தான் அவளும் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போன் பண்ணுவார். பிரசவத்துக்கு முன்னால் நான் போனைத் தொட்டதே இல்லை. மகள் படுக்கையில் இருக்கும்போது அவளை எழுப்ப வேண்டாமென்று எடுக்கப் பழகினேன். தெரியாத குரலாக இருந்தால் "நோ, நோ" என்று சொல்லி வைத்துவிடுவேன். மாப்பிள்ளை குரலாக இருந்தால் செருமுவேன். நான்தான் எடுத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"பாப்பா, எறங்கியாச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லிரு. கோல்டு ஸ்டோர்ல என்ன வாங்கணும்? பால் வேணுமா?" என்பார். அங்கே தெருமுனை மளிகைக் கடைக்குக் கோல்டு ஸ்டோர் என்றுதான் பெயர். பால் வேண்டுமென்றால் செருமுவேன். வேண்டாமென்றால் பேசாமல் இருப்பேன். "தயிரு?" பேசாமல் இருப்பேன். "தக்காளி?" செருமுவேன். இப்படியே ஒரு வீட்டுச் சாமான் முழுக்க வாங்கியிருக்கிறோம். ஒரே ஒரு குறை, பூண்டு வேணுமா என்று அவருக்குக் கேட்கத் தெரியாது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பில் எவ்வளவு பூண்டு போகும் என்று ஆம்பிளைக்கு எப்படித் தெரியும்? அதை மட்டும் மகள் விழித்திருக்கும்போது சொல்லி அனுப்புவேன்.

அந்த நாள் நோன்பு மாசத்தில் வந்தது. காலையில் மகளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றி, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டிப் படுக்க வைத்தேன். பிள்ளையும் பக்கத்தில் தூங்கியது. அறைக் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்கு வந்தேன். அப்போது கீழ்வீட்டுப் பிள்ளை வந்து கதவை மெதுவாகத் தட்டியது.

அவள் காயல்பட்டினத்துப் பிள்ளை. என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அவள் புருசன் ஏர்போர்ட்டில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டினார். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள், புருசனை மச்சான் என்பாள். எப்போதும் படியிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறவள், அன்றைக்கு உள்ளே வந்தும் பேசவில்லை. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன்.

"பெரியம்மா, உங்க மாப்பிள்ளைக்கு இன்னைக்கு டூட்டியா?"

"ஆமா. வெள்ளனவே போயிட்டாக."

"அந்த ஊருக்கா?"

"ஆமா. என்ன பிள்ள?"

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்க மச்சான் போன் போட்டாக. ஒரு சரக்கு பிளேனு அங்கேயிருந்து கெளம்பி மேல ஏறும்போது யாரோ கீழேயிருந்து ராக்கெட் விட்டுட்டானாம். எறக்கையில பட்டுட்டாம். ஆனா விழல பெரியம்மா! விழல. திரும்பி அதே ஊருல எறங்கிட்டாம். மொதல்ல அதக் கேட்டுக்கிடுங்க, எறங்கிட்டுது."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்த நினைப்பு அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்பதுதான். பச்சை உடம்புக்காரி. அதிர்ச்சி பட்டால் பால் கட்டிப்போகும் என்று எங்கள் பக்கத்தில் பயப்படுவார்கள். அவளுக்கு இப்போது தெரியக் கூடாது.

டிவியைச் சத்தமில்லாமல் போட்டோம். இங்கிலீஷில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தது. கீழே எழுத்து ஓடியது. கீழ்வீட்டுப் பிள்ளை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் தெளிந்தது.

"மூணு பேருன்னு போட்டிருக்கான் பெரியம்மா. மூணு பேரும் நல்லா இருக்காகளாம். யா அல்லா! காயமே இல்லையாம். சொன்னேன்ல?"

"மூணு பேரா?"

"மூணு பேருதான். நல்லா பாத்துட்டேன்."

"நாலு பேரு பிள்ள" என்றேன்.

காலையில் எலுமிச்சம் சாதம் கிண்டித் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தது நான். எப்போதும் நாலு பேருக்குத்தான். ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர், பின்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கிறவர் ஒருத்தர், அப்புறம் எங்கள் மாப்பிள்ளை. அந்த வெள்ளைக்காரர்களுக்கு எலுமிச்சம் சாதம் என்றால் ரொம்பப் பிரியமாம். தொட்டுக்கொள்ள வைக்கும் உருளைக்கிழங்குக்குச் சண்டையே வருமாம்.

அந்தப் பிள்ளை டிவியைத் திரும்ப வாசித்தாள். மூன்றுதான். கீழே ஓடிய எழுத்து சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்றுதான்.

"ஒருவேளை உங்க மாப்பிள்ளை அதுல ஏறலையோ என்னமோ?"

"ஏறலைன்னா வேற எதுல வருவாக?"

"வேற பிளேனா இருக்கும்."

"அப்படியும் இருக்கலாம்" என்றேன். அவளுக்காகச் சொன்னேன். பஹ்ரைனில் இருந்து போகிற சரக்கு விமானத்தை அவள் புருசனைவிட யார் நன்றாக அறிவார்கள்? அவரே அதுதான் என்று நினைத்ததால்தானே அவளை மேலே அனுப்பியிருக்கிறார்.

அவள் மொபைலில் புருசனைக் கூப்பிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மச்சான், நாலு பேருன்னு பெரியம்மா சொல்லுறாக... ஆமா, நாலு... சரி... சரி." வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "ஆபீஸ்ல எல்லாரும் உள்ள மீட்டிங்ல இருக்காங்களாம். வெளிய நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியல. கேட்டுச் சொல்லுறேன்னாக."

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. பூண்டுப் பையை எடுத்துவந்து ஹாலில் பேப்பரை விரித்து உரிக்க ஆரம்பித்தேன். குழம்புக்குக் கொஞ்சம் இருந்தால் போதும். அந்தப் பிள்ளையும் எதிரே உட்கார்ந்து ஒரு கை அள்ளி எடுத்துக்கொண்டாள்.

"நீ போ பிள்ள. உனக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சணும்ல."

"காய்ச்சலாம். நேரமிருக்கு."

"நோன்போட ஏன் இங்க கிடந்து..."

"உரிக்கத்தானே செய்யுறேன்? திங்கவா செய்யுறேன்?" என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. அவள் புருசன் இங்கே வந்த புதிதில் வழி தெரியாமல் யாரோ ஒரு அரபி வீட்டுக் கல்யாணத்துக்குள் போய் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்த கதையைச் சொன்னாள். கதை நடுவில் இரண்டு பேருமே நிறுத்திப் போனைப் பார்ப்போம். ஹால் மூலையில் ஸ்டூலின் மேல் பச்சை நிறத்தில் இருந்தது அந்தப் போன். அதன் மேல் மகள் ஒரு பூப்போட்ட துணி மூடி வைத்திருந்தாள். நான் எழுந்துபோய்த் துணியை எடுத்துவிட்டேன்.

பூண்டு உரிந்துகொண்டே இருந்தது. உள்ளே மகள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் டிவியை அணைப்போம். மறுபடி போடுவோம். ஒரு தடவை பிள்ளை சிணுங்கியது. நான் போய்த் தொட்டிலில் எடுத்துப் போட்டு ஆட்டினேன். ஆட்டும்போது மேலே அந்தக் கொக்கியைப் பார்த்தேன். இத்தனை கெட்டியாக ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்போது அது எனக்குப் போதுமாக இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் போன் பண்ணினால் நான் செருமுவேன். அவர் பாப்பாவிடம் சொல்லுகிற மாதிரி ஏதோ சொல்லுவார். அந்த ஊரில் இருந்து பேசினால் குரல் சரியாகக் கேட்குமோ கேட்காதோ. பாதியில் அறுந்துபோனால்? கை போச்சா கால் போச்சா என்று நான் எப்படிக் கேட்பது? அதற்குச் செருமினால் ஆகாது. வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

"போன் வந்தா நான் எடுக்கட்டா பெரியம்மா?" என்றாள் அவள். என் மனசில் ஓடியது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

"வேண்டாம். வேற குரல் கேட்டா, இங்க வீட்டுல யாருக்கோ என்னமோன்னு அவுக பயந்துருவாக. நானே எடுக்கேன்."

அடுப்படிக்குப் போனேன். அடுப்பைப் பார்த்து, "மாப்பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தேன். மகள் கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ பேரிடம் அவரைப் பற்றி மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று பேசியிருக்கிறேன். அவரைப் பார்த்து ஒரு தடவை சொன்னதில்லை. "மாப்பிள்ளை, நல்லா இருக்கீகளா?" என்று இன்னொரு தடவை சொன்னேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் சொன்னேன். ஹாலில் இருந்து அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வெயில் இறங்கி பால்கனித் துணியின் நிழல் ஹாலுக்குள் நீண்டபோது போன் மணி அடித்தது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். ஒரே இரைச்சல். காற்றா எஞ்சினா தெரியவில்லை. நடுவில் "ஹலோ" என்று ஒரு குரல். அவர் குரல்தான். இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, நன்றாகச் சத்தமாக, "மாப்பிள்ளை!" என்றேன்.

அந்தப் பக்கமிருந்து, "சாரிங்க, ராங் நம்பர்" என்றார். வைத்துவிட்டார்.

நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"யாரு பெரியம்மா?"

"அவுகதான்."

"அல்ஹம்துலில்லாஹ்! என்ன சொன்னாக?"

"ராங் நம்பருன்னு சொன்னாக."

அந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் என்னை வெறித்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, பூண்டுத்தோல் பறக்கப் பறக்கச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிகிறது, சிரிப்பும் நிற்கவில்லை. மாமியார் குரலையே போனில் கேட்டிராத மனுசன், செருமல் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் யாரோ ஒரு பொம்பிளை மாப்பிள்ளை என்று கத்தினால் என்ன செய்வார்? சாரி சொன்னதே பெரிய விசயம்.

"போன வைங்க பெரியம்மா, போன வைங்க! அவுக திரும்ப அடிக்கணும்ல!"

அப்போதுதான் ரிசீவரை இன்னும் கையில் வைத்திருப்பது தெரிந்தது. வைத்தேன். வைத்ததும் மனசு திக்கென்றது. யாருடைய போனை இரவல் வாங்கிப் பேசினாரோ, பின்னால் எத்தனை பேர் நின்றார்களோ, இன்னொரு தடவை கொடுப்பார்களோ மாட்டார்களோ. இரண்டு பேரும் சிரிப்பை விட்டுவிட்டுப் போனையே பார்த்தோம்.

அடித்தது.

எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல், எப்போதும் போலச் செருமினேன்.

"அத்தை!" என்றார் அவர். பாப்பா என்று சொல்லவில்லை. "அத்தை, நீங்கதானா? நம்பர மாத்திப் போட்டுட்டேன் அத்தை, வேற யாரோ ஒரு அம்மா எடுத்துட்டாங்க."

"அதுவும் நான்தான் மாப்பிள்ளை" என்றேன்.

இரைச்சலுக்கு நடுவில் அவரும் சிரிக்கிற மாதிரி இருந்தது. சிரிப்பா, மூச்சு வாங்குகிறாரா, சரியாகத் தெரியவில்லை.

"நல்லா இருக்கீகளா மாப்பிள்ளை? கை கால் எல்லாம்..."

"ஒண்ணுமில்ல அத்தை. ஒரு கீறல் இல்ல. எல்லாரும் நல்லா இருக்கோம். அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ தூங்குதா. நாங்க சொல்லல."

"சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்லுதேன். வர ரெண்டு மூணு நாள் ஆகும், வேற பிளேன்லதான் வரணும்."

"சரி மாப்பிள்ளை."

அதற்கு மேல் என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. செருமிப் பேசுவதற்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. வாயால் பேசுவதற்கு ஒரு முறையும் இல்லை. யார் முதலில் வைப்பது என்றுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம். கடைசியில் அவர், வாய்ப்பழக்கம்தான், "வரும்போது ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா அத்தை?" என்றார்.

"பூண்டு" என்றேன். "பூண்டு தீந்துபோச்சு மாப்பிள்ளை."

திரும்பினால், அறை வாசலில் மகள் நிற்கிறாள். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது, கதவுநிலையைப் பிடித்திருக்கிறாள்.

"யாருகிட்டம்மா பேசுத?"

"யாருகிட்டயும் இல்ல. நீ போய்ப் படு."

"நீ மாப்பிள்ளைன்னு சொன்ன. அவுககிட்ட நேராப் பேசுத." ஓரடி முன்னால் வந்தாள். "நீ அவுககிட்ட வாயத் தெறந்து பேசணும்னா ஏதோ பெருசா நடந்திருக்கு. என்னம்மா ஆச்சு அவுகளுக்கு?"

இத்தனை நேரம் டிவியை அணைத்து அணைத்துக் காப்பாற்றியதை நானே ஒரு வார்த்தையில் கொட்டிவிட்டேன். என்ன செய்வது, ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் அழுதாள். பேசினாள். திட்டினாள். "மினி பஸ் மாதிரின்னு சொன்னீகளே, மினி பஸ் மாதிரின்னு சொன்னீகளே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு போன் அறுந்துபோயிற்று. ஆனால் அவள் முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. நான் பயந்தது போலப் பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு இரவு பிள்ளை வழக்கத்தைவிட நன்றாகக் குடித்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கீழ்வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச நேரமே இல்லை. எங்கள் ஹாலில், பூண்டுத்தோலுக்கு நடுவில் உட்கார்ந்து, பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறந்தாள். பிறகு மகளுக்கு வைத்த பத்தியக் குழம்பையே சோற்றில் ஊற்றிக் கொடுத்தேன். காரம் இல்லை, புளி இல்லை.

"பிள்ளை பெறாமலே எனக்குப் பத்தியச் சோறு போட்டுட்டீங்களே பெரியம்மா" என்றாள். வேலை முடிந்து அவள் புருசன் படியேறி வந்து வெளியே நின்று, ஆபீசில் கேட்டுவிட்டேன், நாலு பேரும் பத்திரம் என்றார். "நீங்க இப்ப வந்து சொல்லுங்க. எங்களுக்கு ராங் நம்பர்லயே சேதி வந்துட்டு" என்றாள் அவள். உரித்த பூண்டில் பாதியை அவளுக்கு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன், மறுநாள் கஞ்சிக்கு.

மாப்பிள்ளை சொன்னபடி வந்து சேர்ந்தார். கதவுக்கு வெளியே செருமல் கேட்டது. கால் பழகினபடி நான் அடுப்படிக்குள் போய்விட்டேன், திரையையும் இழுத்துவிட்டேன். மகள் கதவைத் திறந்தாள், அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அதை நான் பார்க்கவும் கூடாது.

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். மகளிடம் சொல்லுகிற மாதிரி, அடுப்படிக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னார். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது லாரி வந்து மோதினது மாதிரி ஒரு அடியாம். இடது இறக்கை நுனியில் தீயாம். ஓட்டுகிறவர்கள் எதைத் திருப்பினாலும் அசையவில்லையாம், அதையெல்லாம் அசைக்கிற எண்ணெய் ஒழுகிப்போனதால். இரண்டு எஞ்சின் மட்டும்தான் சொன்னபடி கேட்டதாம்.

"அப்புறம் எப்படித் திருப்புனாக?" என்றாள் மகள்.

அவர் பிள்ளையின் தள்ளுவண்டியை ஹால் நடுவில் கொண்டுவந்தார். திரை ஓரமாகப் பார்த்தேன். "இந்தா பாரு. ரெண்டு கையும் சமமாத் தள்ளுனா நேராப் போகும். வலது கையைக் கூட்டித் தள்ளு, இடது பக்கம் திரும்புதா? இடது கையக் கூட்டு. வலது பக்கம் போகுதா? அவ்வளவுதான். ரெண்டு எஞ்சினையும் இப்படிக் கூட்டிக் குறைச்சு, கூட்டிக் குறைச்சே ஊரைச் சுத்தி வந்தாங்க. முதல் தடவை உயரம் ஜாஸ்தியாப் போச்சு. மறுபடியும் ஒரு சுத்து. எறங்கி ரோட்டை விட்டு விலகி மணலுக்குள்ள போய் நின்னுச்சு."

"நீங்க என்ன செஞ்சீக?"

"அதான் கொடுமை. அவங்க மூணு பேருக்கும் வேலை இருந்துச்சு. நான் ஒருத்தன்தான் சும்மா இருந்தேன். சாமியக் கூப்பிடலாம்னு வாயத் தெறந்தா, வார்த்தை வரல. செருமல்தான் வந்துச்சு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "டிவியில மூணு பேருன்னு போட்டாக. எங்கம்மா அதுக்குத்தான் பையில இருந்த பூண்டு பூராத்தையும் உரிச்சுட்டா."

"டிவிக்காரன் முன்னால இருந்த மூணு பேரைத்தான் எண்ணியிருப்பான். பிளேன் காலியா வந்துச்சு. அதுல இருந்த சரக்கு நான் ஒருத்தன்தான்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. செருமவில்லை. திரையை விலக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன். தலை நிமிரவில்லைதான். தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"எலுமிச்சம் சாதம் சாப்பிட்டீகளா மாப்பிள்ளை?"

மகள் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள்.

"சாப்பிட்டோம் அத்தை. எல்லாம் முடிஞ்சு எங்களைக் கொண்டுபோய் ஒரு கொட்டகையில உக்கார வச்சாங்க. அப்ப பாத்தா, அந்த அவசரத்துலயும் தூக்குவாளிய நான் கையில புடிச்சிருக்கேன். நாலு பேரும் உக்காந்து அதுலயே கைய விட்டுச் சாப்பிட்டோம். அந்தப் பெரிய பைலட்டு, உருளைக்கெழங்க எனக்குத்தான் கூட வச்சாரு." தள்ளுவண்டிக் கைப்பிடியைத் தடவினார். "ஆனா தூக்குவாளிய அங்கேயே விட்டுட்டேன் அத்தை. உங்க எவர்சில்வர் தூக்கு. ஊர்ல இருந்து கொண்டாந்தது."

போனில் பூண்டு கேட்டிருந்தேன் இல்லையா, தூக்குக்கும் சேர்த்து வாங்கியிருப்பார் போல, காலடியில் ஒரு சாக்குப் பை இருந்தது. நிறையப் பூண்டு. பிள்ளை பெற்ற மூன்று பேருக்குப் பத்தியம் போடலாம்.

"போனாப் போகுது மாப்பிள்ளை, தூக்குதானே" என்றேன்.